மழைக்கோட்டுக் கோப்ரல்

செந்தூல் பிளாட்டில் வானிலை அறிக்கையை நம்பிக் கெட்டவர்கள் சிலர்தான். எங்கள் கோப்ரலை நம்பிக் கெடாதவர்களே கிடையாது. உச்சி வெயிலில் அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினால், மாடி வீட்டு ஆன்டி அலறியடித்துக்கொண்டு கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார். மழை வராது. ராணுவத்தில் அவர் கோப்ரல், குத்துச்சண்டை வீரரும்கூட. எடையைக் குறைக்க வேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சண்டையில் ஜெயித்ததைவிட வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதிகம். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதைப் பார்த்தே பல பெண் வீட்டார் 'பிறகு சொல்றோம்' என்று அனுப்பிவிட்டார்கள். கிள்ளானில் ஒரு சம்பந்தம் வந்தபோது அவர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "இதையும் கெடுத்தே, இனிமே நான் உனக்குப் பொண்ணு தேட மாட்டேன்டா."

பெண் பார்க்கப் போன நாளுக்கு மறுநாள் காலையில் குத்துச்சண்டைப் போட்டிக்கு எடை பார்ப்பதாக இருந்தது. என் காரில்தான் போனோம். ஏர்கோன் போடக்கூடாது, கண்ணாடியை இறக்கக்கூடாது என்று கோப்ரல் உத்தரவு. அவர் எடைக்காக வேர்த்தார். நானும் அவர் அம்மாவும் சும்மாவே அவிந்தோம்.

பெண் கேசரி கொண்டுவந்தாள். கோப்ரல் தட்டைத் தொடவில்லை.

"தண்ணியாவது குடிங்க லா, தம்பி," என்றார் பெண்ணின் அப்பா.

"தண்ணி இன்னும் வெயிட்டு, அங்கிள்."

பெண் நீட்டியதைத் தொடவில்லை என்றால் பெண்ணே வேண்டாம் என்று அர்த்தம். அப்பாவின் முகம் சுருங்கியது. கோப்ரல் பதறிப்போனார்.

"பொண்ணு பிடிச்சிருக்கு, அங்கிள். நாளைக்கு வெயிட் எடுக்கறாங்க. அதான்."

பெண் தட்டோடு உள்ளே போனாள். நான் கார் சாவியைத் தேடினேன். அவளோ எடை பார்க்கும் மெஷினைத் தூக்கிவந்து வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏறுங்க."

ஏறினார். முள்ளைப் பார்க்க வீடே குனிந்தது.

"பெல்ட்டக் கழட்டுங்க, தம்பி," என்றார் அப்பா. "வாட்சையும்."

கழற்றியும் அரை கிலோ கூடுதல். சற்று நேரத்தில் அப்பாவின் மழைக்கோட்டில் கோப்ரல் அந்தத் தமானின் வீட்டு வரிசைகளைச் சுற்றி ஓட, பின்னால் அப்பா மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்து விரட்டினார். ஆனால் கிளம்பும்போது, "யோசிச்சு சொல்றோம்" என்றுதான் சொன்னார்.

மறுநாள் எடை சரியாக இருந்தது. சாயங்காலம் முகாம் மண்டபத்துக்கு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். முதல் ரவுண்டிலேயே கோப்ரல் ஒரு குத்து வாங்கி மல்லாந்தார். ரெஃப்ரி எண்ணத் தொடங்கினார். அப்பா நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்.

"எந்திரிங்க மாப்பிள்ளே!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கோப்ரலும் படுத்தபடியே தலையைத் திருப்பி, பல் கவசம் தெரியச் சிரித்தார். ரெஃப்ரி எண்ணி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே கிடந்தார். அன்று அந்தக் கோணல் மூக்கர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.