ஞாயிற்றுக்கிழமை மேகம்

இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைக்குப் போவதில்லை என்று தீர்மானித்தேன். மொட்டை எனக்கல்ல, மைத்துனியின் பையன் நிதினுக்கு, காணிப்பாக்கத்தில். அதே நாளில் திருப்பதியில் எங்கள் வாசகர் வட்டம் கூடுகிறது. மாதம் ஒருமுறை பத்துப் பேர் உட்கார்ந்து பழைய கவிதை, கதை, பெரிய எழுத்தாளர்களின் கடிதங்கள் என்று படித்து உருகுவோம். இரண்டு வருடமாக நான் உருகியதோடு சரி. இந்த முறைதான் என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள்.

மனைவி கன்னிகாவிடம் நேராகக் கேட்கும் துணிச்சல் எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு வசதி உண்டு. அவள் சித்தூர்க்காரி. தமிழில் பேசுவாள், சண்டை போடுவாள், படித்ததெல்லாம் தெலுங்கு. தமிழ் எழுத்து அவளுக்கு வெறும் கோலம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை. மலை மொத்தமும் மேகத்துக்குள் போயிருந்தது. கடிதத் தொகுப்பு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன்.

"ஒரு பெரிய எழுத்தாளர் சம்சாரத்துக்கு எழுதினது. கேளு. 'அன்பே, வாரத்தில் ஆறு நாள் உன் வீட்டு ஜன்னலாக இருக்கிறேன். ஒரு நாள் மட்டும் என்னை மேகமாக விடு. எங்கே அலைந்தாலும் உன் மொட்டைமாடியில் வந்துதான் பெய்வேன்...'"

"மொட்டையப் பத்தி அவரும் எழுதிக்கீறாரா?"

"மொட்டைமாடி!"

என் வரிக்கு நானே தலையாட்டினேன். வெளியே மழையின் சத்தம், நான் எழுதாத அடுத்த வரியைப் போல வந்துகொண்டிருந்தது. கன்னிகாவின் கண்ணில் நீர். வெங்காயமா இலக்கியமா, தெரியவில்லை.

"இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன்.

"மொதல்ல ஆறு நாள்னீங்க. இப்ப அஞ்சு நாள்னு சொல்றீங்க?"

"அச்சுப் பிழை."

"நெஜமா புக்குலதான் கீதுங்களா?"

"காணிப்பாக்கம் பிள்ளையார் மேல சத்தியமா!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன். பொய்ச் சத்தியம் செய்தவனை அந்தப் பிள்ளையார் விடமாட்டார் என்பது ஜில்லா முழுக்க நம்பிக்கை.

"ஐயோ, இன்னாங்க இது! அவர் மேல சத்தியம் பண்ணிட்டு, அவர் முன்னாடி போய் நிக்காம இருக்கலாமா? ஞாயித்துக்கெழம போய் ஒரு தேங்கா ஒடைச்சுடுங்க. அப்படியே மொட்டைக்கு நிதினையும் புடிச்சுக்குங்க."

"நீ?"

"உங்க கூட்டத்துக்கு. அதுவும் ஞாயித்துக்கெழமதானே. இந்த மாதிரி லெட்டரெல்லாம் படிச்சுக்கினு இருக்கீங்கன்னு இத்தினி நாளா சொல்லவே இல்லியே!"

"நான் பேசணுமே..."

"வரலன்னு நானே சொல்லிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை நிதினை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதோம். அவன் முதலில் நிறுத்தினான். அப்போது வட்டத்தை நடத்தும் தமிழரசு போனில் வந்தார்.

"சார், உங்க வீட்டம்மா ஒரு லெட்டர் சொன்னாங்க பாருங்க! ஜன்னல், மேகம்னு... மூணு பேர் அழுதுட்டாங்க."

எனக்குக் காது சூடானது. வாழ்க்கையில் முதல்முறையாக என் வரிகளுக்கு ஒரு சபை அழுதிருக்கிறது.

"யார் எழுதினதுன்னு கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பமா? எந்தப் புக்குலயும் இல்லன்னாங்க."

"அப்புறம்?" பிள்ளையாரை மறந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"கூச்சப்பட்டுக்கினே 'நான்தான்'னாங்க. எழுதறவங்கள வீட்ல வெச்சுட்டு, இத்தினி நாளா நீங்க எதுக்கு சார் வந்துக்கினு இருந்தீங்க?"