மூன்று பெண்களின் மனநிறைவு: ஓர் ஆய்வு

நெருப்பு, சக்கரம், சமூகவியல். மனித குலத்தின் மூன்று மாபெரும் கண்டுபிடிப்புகள் இவைதாம். முதல் இரண்டையும் யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. மூன்றாவதை எதற்குக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. இருப்பினும் அதில் முதல் வகுப்பில் தேறிய இளங்கலைப் பட்டதாரி என்ற முறையில், அதன் மகிமையை உலகுக்கு எடுத்துரைக்கும் கடமை எனக்கு இருக்கிறது.

1984இல் நான் விண்ணப்பித்தது வேதியியலுக்கு. கல்லூரியின் பெயரைச் சொன்னால் அதன் புகழ் கூடிவிடும் என்பதால் சொல்லவில்லை. என் மதிப்பெண் பட்டியலை ஒரு முறை பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்த முதல்வர், கருணையோடு சொன்னார்:

"சயின்ஸ்தானே கேட்ட? இதுவும் சயின்ஸ்தான்ப்பா. சோஷியல் சயின்ஸ். இதுல ஆசிட் மேல கொட்டற பயமும் இல்ல."

திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் வீடு. மூன்று அண்ணன் தம்பிகள், அவர்களுடைய மூன்று மனைவிமார், ஒரே சமையல். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு. வீட்டுத் தலைவர் பெரியப்பா ஜம்புலிங்கம். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"சமூகவியல்னா இன்னாடா?"

"சமுதாயத்தப் பத்திப் படிக்கிறது, பெரியப்பா."

"எந்த சமுதாயம்? நம்ம சமுதாயமா?"

"எல்லா சமுதாயமும்தான்."

"நம்மளுதும் அதுல வருது இல்ல?"

"ஆங், வருது."

பெரியப்பாவின் கண் கலங்கியது. நம்ம ஜாதிக்குன்னு கவர்மெண்ட்டே ஒரு பி.ஏ. தொறந்துக்குது, என் தம்பி மவன்தான் அதுல மொத ஆளு என்று அன்று மாலையே கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். மூன்று ஆண்டுகள் நான் அதை மறுக்கவில்லை. மக்களின் நம்பிக்கைகளை மதிக்க வேண்டும் என்பது சமூகவியலின் முதல் பாடம்.

மூன்றாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு 'களப்பணி' செய்து ஆய்வேடு தர வேண்டும். எனக்கு வாய்த்த வழிகாட்டி பேராசிரியர் சடகோபன். அவர் அரக்கோணத்தில் ஒரு லாட்ஜ் அறையில் தன்னந்தனியாகப் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தவர். ஆகவே கூட்டுக் குடும்பத்தைப் பற்றி விருப்பு வெறுப்பின்றிப் பேசும் தகுதி அவருக்கு மட்டுமே இருந்தது. 'கூட்டுக் குடும்பமும் மகளிர் மனநிறைவும்' என்று தலைப்பைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"முடிவுரைய மொதல்ல எழுதிடு. டைப்பிஸ்ட் அடுத்த மாசம் லீவுல போறா."

"இன்னும் ஆய்வே செய்யலையே சார்?"

"அது உன் சௌகரியம். முடிவுரைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம்.

'மாதிரி' ஒன்றைத் தேர்ந்தெடு என்றார். எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டேன். அது ஒரு மாதிரியான வீடு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கேள்வித்தாளில் நாற்பத்திரண்டு கேள்விகள். ஏதோ ஒரு குளிர் தேசத்துத் தாளைப் பேராசிரியர் தாமே மொழிபெயர்த்திருந்தார். "பனிக்காலத்தில் உங்கள் இல்லத்தைச் சூடேற்ற எந்த எரிபொருளைப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று பெரியப்பாவிடம் கேட்டேன். பனியனைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்த அவர், "சூரியன்னு போட்டுக்கடா" என்றார். குடும்பத்தில் முடிவுகளை எடுப்பது யார் என்று கேட்டதற்கு, பேனாவைப் பிடுங்கித் தாமே பெரிய எழுத்தில் 'நான்' என்று எழுதினார். என் நைனாவும் சித்தப்பா பரந்தாமனும், அண்ணன் எழுதியதற்குக் கீழே 'மேற்படி' என்று போட்டார்கள்.

ஆண்களோடு நிறுத்தியிருக்கலாம். 'தகவலாளிகள்' குறைந்தது ஆறு பேர் வேண்டும் என்று விதி இருந்ததால், வேறு வழியின்றிச் சமையலறைக்குள் நுழைந்தேன்.

பெரியம்மா கௌரியம்மாளும் என் அம்மாவும் எல்லாக் கேள்விக்கும் "நீயே எதனா போட்டுக்க" என்றார்கள். இவர்களே ஆய்வுலகின் ரத்தினங்கள். சித்தி வரலட்சுமி அப்படி இல்லை. ஆர்.கே.பேட்டையில் தறி போட்ட குடும்பத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். ஒரே மகள், ஒன்பது வயது காஞ்சனா. சித்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஒவ்வொரு கேள்வியையும் யோசித்துப் பதில் சொன்னாள். படித்தவர்களால் ஆய்வுக்கு வரும் கேடு இதுதான்.

"உங்கள் ஓய்வு நேரத்தை எவ்வாறு கழிக்கிறீர்கள்?"

"தூங்கறது அதுல சேருமா?"

"சேராது சித்தி."

"அப்ப கோடு போட்டுடு."

"உள்ளூர்த் திருவிழாக்களில் எந்த அளவில் பங்கேற்கிறீர்கள்?"

"ஆடிக் கிருத்திகைக்கு நாப்பது பேரு வந்து இறங்கறாங்களே, அவங்களுக்கு வடிச்சிக் கொட்டறேன்."

"மலை மேல போறது?"

"கல்யாணமாகி பதினோரு வருஷம் ஆவுது. கிருத்திகைக்கு ஒரு தபா கூட ஏறல. ஜன்னலத் தொறந்தா மல தெரியுது. அத்தோட சரி."

அடுத்தது முப்பத்தொன்றாம் கேள்வி. "குடும்ப விஷயங்களில் உங்கள் கருத்து கடைசியாக எப்போது கேட்கப்பட்டது?"

சித்தி நறுக்குவதை நிறுத்தினாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா என் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"இப்பதான்" என்றாள் சித்தி. "நீ கேக்கறியே."

அந்த இடத்தில் நாள், மாதம், வருடம் குறிக்கக் கட்டம் இருந்தது. அன்றைய தேதியைப் போட்டேன். தகவல் துல்லியமாக இருக்க வேண்டும்.

அதற்கடுத்த வாரம் ஆடிக் கிருத்திகை. மதராஸ், வேலூர், சித்தூரிலிருந்து நாற்பத்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். விடிந்ததும் வீட்டு ஆண்களும் வந்தவர்கள் எல்லோரும் காவடியோடு மலைக்குக் கிளம்பினார்கள். என் காவடி கேள்வித்தாள் கட்டு என்பதால் நான் வீட்டிலேயே இருந்தேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் பெரியம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். சித்தி அதைக் கழுவித் துடைத்துக் கோலம் போட்டாள். அம்மா கதவைச் சாத்தினாள்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"திருவிழாவுல பங்கேக்க" என்றாள் சித்தி.

மூவரும் காஞ்சனாவைக் கையில் பிடித்துக்கொண்டு படி ஏறினார்கள். ஆய்வாளன் என்ற முறையில் பத்துப் படி இடைவெளி விட்டு நானும் ஏறினேன். அரோகரா சத்தத்தில் காது அடைத்தது. பெரியம்மாவுக்கு முட்டி வலி. நூறு படிக்கொரு தரம் உட்கார்ந்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. மேலே போய்ச் சாமி பார்த்துவிட்டு, மதில் ஓரம் நின்று ஊரைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு சமையல் நடந்துகொண்டிருந்தது. கூரைக்குக் கூரை புகை.

"அக்கா, நம்ம வூட்ட பாரு" என்று சித்தி கையை நீட்டினாள். "நம்ம வூட்டுலதான் பொகயே வர்ல."

மூன்று பேரும் சிரித்தார்கள். பெரியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, அம்மா தலையில் தட்டினாள். அவர்கள் மூவரும் சேர்ந்து சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 'ஓய்வு நேரம்: சுமார் ஏழு நிமிடம்' என்று குறித்துக்கொண்டேன்.

இறங்கி வரும்போது மணி இரண்டு. நாற்பத்து மூன்று உறவினர்களும் கூடத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். சித்தூர்க்காரர் ஒருவர் அடுப்புக் கோலத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா எழுந்தார்.

"யாரக் கேட்டுகினு போனீங்க?"

முப்பது வருஷமாக அவர் எதிரே நின்று பேசாத பெரியம்மா, "யாரையும் கேக்கல. எங்கள யாருங்க கேட்டாங்க?" என்றாள்.

"ஆனந்தன் கேட்டான், பாவா" என்றாள் சித்தி. கணவனின் அண்ணனை அவள் அப்படித்தான் அழைப்பாள். "கருத்து இன்னான்னு கேட்டான். சொன்னேன். சொன்னதுக்கு அப்பால சும்மா இருக்க முடியல."

வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. சித்தியும் பார்த்தாள். 'ஆமாம், நான்தான் கேட்டேன், அவங்க போனதுல என்ன தப்பு' என்று நான் சொல்லியிருந்தால், பெரியப்பா கேட்டிருப்பார். அவர் கண்ணில் நான் நம் சமுதாயத்தின் முதல் பட்டதாரி.

"நான் ஃபாரத்துலதான் கேட்டேன், பெரியப்பா" என்றேன். "அது காலேஜுக்கு."

ஆய்வாளன் களத்தில் தலையிடக் கூடாது. இது சமூகவியலின் பொன் விதி. அதை நான் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தேன். எல்லாம் இந்தப் படித்தவளால் வந்தது என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னபோதும், சித்தப்பா பரந்தாமன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும், நான் தூணுக்குப் பின்னால் இருந்து குறிப்பெடுத்தேன். மறுநாள் காலை சித்தியையும் காஞ்சனாவையும் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் ஏற்றினேன். இந்த விவகாரத்தில் என் தலை பட்ட இடம் அது ஒன்றுதான்.

நடந்ததையெல்லாம் முப்பது பக்கம் எழுதிப் பேராசிரியர் சடகோபனிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மனநிறைவுன்னு முடிவுரை டைப் ஆயிடுச்சேப்பா. மூணு காப்பி வேற."

"சித்தி மூணு மாசமா வீட்டுலயே இல்ல சார்."

"அது எதுக்கு வீணாகணும்?" என்று பேனாவை எடுத்தார். அவர் எழுதிய வாக்கியம் ஆய்வேட்டின் நாற்பதாம் பக்கத்தில் இன்றும் ஒளிர்கிறது: 'மகளிர் அவ்வப்போது தாய்வீடு சென்று, நீண்ட நாள் தங்கி மகிழ்கின்றனர்.' மலை ஏறியதை 'பக்தி' என்ற தலைப்பில் சேர்த்தோம். முப்பத்தொன்றாம் கேள்விக்கு ஒரே ஒருவர்தான் பதில் சொல்லியிருந்தார் என்பதால், அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டோம். நான் ஒரே ஒரு முறை, "சார்..." என்றேன். "ஃபர்ஸ்ட் கிளாஸ் வேணுமா, வேணாமா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன். என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே எளிதானது அதுதான்.

ஐப்பசி கழிந்து கரும்பு வெட்டு தொடங்கியது. இருபது ஆட்களுக்குத் தினமும் சமைக்க வேண்டும். வீட்டில் 'பாசம்' பொங்கியது. பெரியப்பாவே நேரில் போய்ச் சித்தியை அழைத்து வந்தார். ஆய்வேட்டைப் படித்த வெளித் தேர்வாளர், இத்தகைய குடும்பங்கள் உள்ளவரை நம் பண்பாட்டுக்கு அழிவில்லை என்று உருகினார். முதல் வகுப்பு வந்தது. சிவப்பு அட்டையில் தங்க எழுத்தோடு ஆய்வேடு வீட்டுக்கு வந்தபோது, பெரியப்பா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சூடம் காட்டினார்.

பிரித்துப் பார்த்தவள் சித்தி மட்டும்தான். ஒரு மத்தியானம், ஆட்கள் சாப்பிட்டுப் போன பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். முன்னுரை, அட்டவணை, நன்றியுரை, எதையும் விடவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நாற்பதாம் பக்கத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அட்டையை மூடி என் கையில் கொடுத்தாள்.

"நல்லா எழுதிக்கிற" என்றாள். "ரொம்ப நல்ல குடும்பமா இருக்குதுடா. இவுங்க எந்த ஊருன்னு விசாரிச்சி வை. நம்ம காஞ்சனாவ அங்க குடுத்துடலாம்."