ஊசிக்கு முன்னால் ஒரு ஊசி

பல்வலிக்காரர்கள் இரண்டு வகை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு வகை. பிடுங்கப் போய்ப் பல்லோடு திரும்பி வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்றாம் நாளே முறுக்குத் தின்னப் போய்விடுகிறார்கள். நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையை.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆள் ஆறடி இருப்பார். மீசை இருக்கும். பெருமுக்கல் மலையடியில் காட்டுப்பன்றியைத் தடியால் அடித்துப் போட்டதும், முட்ட வந்த காளையைக் கொம்பைப் பிடித்துத் திருப்பி அனுப்பியதும், காலில் ஏறின முள்ளுக்கம்பியைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு மிச்ச வேலியையும் கட்டி முடித்ததும் இவர் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். எல்லாம் நிஜம்தான். பொய் சொல்லுகிற ஆள் இல்லை. இப்பேர்ப்பட்டவரைப் பல் டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். உட்கார மாட்டார். கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, "தேக்கா?" என்று விசாரிப்பார்.

வலிக்கும் என்று பயந்தா? அப்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வராது. "வலி கிடக்குது, அதெல்லாம் தாங்கிடுவேன். மயக்கம் இன்னா குடுப்பீங்க, அதைச் சொல்லுங்க" என்பார். சொன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார்.

என் அக்காள் புருஷன் தாண்டவராயன் இந்த இனத்தில் ஒரு முழு உருப்படி. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தார். ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் அவர் மகள் சின்னபொண்ணுக்குத் திருவாமாத்தூரில் மாப்பிள்ளை பார்த்து, வெள்ளிக்கிழமை காலை நிச்சயம் என்று வைத்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம், பெண்ணைப் பெற்றவன் சபை நடுவில் உட்கார்ந்து "பொண்ணு உங்களுது" என்று மூன்று தரம் உரக்கச் சொல்லித் தட்டை மாற்ற வேண்டும். மாற்றின கையோடு சம்பந்தி மடித்துக் கொடுக்கிற வெற்றிலையை எல்லோரும் பார்க்க மெல்ல வேண்டும். சொல்லாமல் முனகினாலும், மெல்லாமல் மடியில் வைத்துக்கொண்டாலும் மனசில் சம்மதம் இல்லை என்று அர்த்தம். பிள்ளை வீட்டார் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை மாமாவின் கடைசிக் கடைவாய்ப் பல் வேலையைக் காட்டியது. செவ்வாய்க்கிழமை, வாயைத் திறந்தால் காற்றுப் பட்டே உயிர் போயிற்று. கிராம்புத் தைலம் வைத்தாயிற்று. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தாயிற்று. பல்லிலிருந்து பூச்சி வருமென்றார்கள், கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது. அக்காள் கெங்கம்மாள் என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ கூடப் போ. தனியா அனுப்பினா பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினு இருந்துட்டு, டாக்டர் இல்லைன்னு வந்துடுவாரு."

விழுப்புரத்தில் டாக்டர் தெய்வசிகாமணியிடம் கூட்டிக்கொண்டு போனேன். பொறுமையான மனிதர்.

"ஈறுல ஒரு ஊசி போடுவேன். மரத்துப் போயிடும். அப்புறம் ஒண்ணும் தெரியாது" என்றார்.

"ஊசி குத்தறது தெரியுமா?"

"எறும்பு கடிச்ச மாதிரி தெரியும்."

"அது தெரியாம இருக்க, அதுக்கு முன்னாடி ஒரு ஊசி போடலாமில்ல?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தூக்க மாத்திரை தர்றேன். பாதித் தூக்கத்துல இருப்பீங்க."

"மிச்சப் பாதி முழிச்சிக்கினு இருக்குமே. அது பார்த்துக்கினு இருக்குமே."

"முழுசா வேணும்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. குளோரோஃபாரம் குடுப்பாங்க. பொணம் மாதிரி கிடப்பீங்க."

"பொணத்துக்கு எந்தப் பல்லைப் புடுங்கறாங்கன்னு யாரு பார்க்கறது?"

"மதராசுல ஒரு வாயு வச்சிருக்காங்க. மோந்தா பயம் போயிடும், சிரிப்பு வரும்."

"பொண்ணு நிச்சயத்தை வச்சிக்கினு நான் பல்லை இளிச்சிக்கினு கிடக்கவா?" என்றவர், திடீரென்று என்னைக் காட்டினார். "ஒண்ணு பண்ணுங்க டாக்டரய்யா. அந்த ஊசியை முதல்ல நம்ம மச்சானுக்குப் போட்டுக் காட்டுங்க."

எனக்கு முப்பத்திரண்டும் கெட்டியாக இருந்த காலம் அது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அன்று பல்லோடு திரும்பினோம். மறுநாள் மாமா தாமே ஒரு மயக்கம் கண்டுபிடித்தார். எங்கள் பக்கம் மதுவிலக்கு. பஸ் ஏறினால் பாண்டிச்சேரியில் பிராந்தி. அங்கே போட்டுக்கொண்டு, தெளிவதற்குள் விழுப்புரம் வந்து நாற்காலியில் விழுந்துவிட வேண்டியது. சரியான யோசனைதானே? புதன்கிழமை அப்படியே செய்தார். எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் சாப்பிடப் போயிருந்ததால் பஸ் நிற்காமல் வந்தது. டாக்டர் வீட்டுப் படியில் கால் வைத்தவர் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார்.

"மச்சான், வலிக்கவே இல்லையே. நல்ல பல்லை எதுக்குப் புடுங்கணும்?"

வீட்டுக்கு வந்து சேருவதற்குள் தெளிந்துவிட்டது. ராத்திரி முழுக்க அவர் முனகியதில் நிச்சயத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவரும் தூங்கவில்லை. அக்காள், வாங்கி வைத்த வெற்றிலைக் கட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை மறுபடியும் பாண்டிச்சேரி. அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார். இந்தத் தடவை சாவடியில் ஏட்டு துரைக்கண்ணு இருந்தார். ஒரு நாளைக்கு இருநூறு வாயை மோந்து பார்க்கிற உத்தியோகம். அத்தனை வாய் எந்தப் பல் டாக்டரும் பார்த்திருக்க மாட்டான். ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாமாவைக் கூப்பிட்டார்.

"ஊது."

ஊதினார். ஏட்டு ஓரடி பின்னால் போனார்.

"பல்வலிக்கு மருந்துங்க."

"போன பஸ்ல ஒருத்தனுக்கு இடுப்பு வலி. அதுக்கு முந்தின பஸ்ல ஒருத்தனுக்கு மாமியார் வலி. எறங்கு."

"நாளைக்குப் பொண்ணுக்கு நிச்சயங்க."

"அதுக்கும் சேர்த்துப் போட்டுக்கினியா?"

கேஸ் எழுதினால் லாக்கப். காலையில் கோர்ட்டு. சபை கூடுகிற நேரம் காலை ஒன்பது மணி. மாமா என்னைப் பார்த்தார். பன்றியைப் பார்த்த கண் அப்படி இருந்திருக்காது. நான் ஏட்டையா காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் யோசித்தார்.

"நானும் விழுப்புரம்தான் போறேன். டாக்டர் புடுங்கிக் காட்டட்டும். சொத்தைப் பல்லா இருந்தா மருந்துன்னு விட்டுடறேன். நல்ல பல்லா இருந்தா நேரா ஸ்டேஷன்."

டாக்டர் வீட்டில் மாமா நாற்காலியைத் தட்டிப் பார்க்கவில்லை. விழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டார். டாக்டர் குனிந்து பார்த்தார். வாடை பட்டதும் நிமிர்ந்தார்.

"குடிச்சிட்டு வந்திருக்கீங்க. இந்த நிலைமையில நான் ஊசி போட மாட்டேன். நாளைக்கு வாங்க."

நாளைக்கு வாங்க! செவ்வாய்க்கிழமை இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் மாமா டாக்டருக்கு மாலை போட்டிருப்பார். இப்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு வேணாங்க. ஊசி வேணாம், மாத்திரை வேணாம், ஒரு எழவும் வேணாம். இப்பவே ஜல்தியா புடுங்குங்க. சொத்தைன்னு மட்டும் சொல்லிடுங்க டாக்டரய்யா."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு பல் பிடுங்குகிற குறட்டைக் கையில் எடுத்தார். மாமாவின் கண் குறட்டின் மேல் இல்லை, ஏட்டின் தொப்பி மேல் இருந்தது. தட்டில் 'டங்' என்று சத்தம் கேட்டது.

"எப்போங்க புடுங்குவீங்க?" என்றார் மாமா.

"புடுங்கியாச்சு. துப்புங்க."

ஏட்டு பல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நடுவில் கறுப்பாக ஒரு மிளகு நுழையும் ஓட்டை. பழக்கம் விடுமா, மோந்தும் பார்த்தார். "சொத்தைதான், போய்க்கோ" என்றார்.

"ஏட்டையா, நீங்களும் வந்ததிலேருந்து கன்னத்தைப் புடிச்சிக்கினே நிக்கறீங்களே. நாற்காலி காலியாத்தான் இருக்குது, உட்காருங்க" என்றார் டாக்டர்.

"சாவடியில ஆள் இல்லீங்க" என்று ஏட்டு படியிறங்கினார். கடைசிப் படியில் நின்று திரும்பினார். "அந்த ஊசி சொன்னீங்களே, குத்தறது தெரியுமா?"

வெள்ளிக்கிழமை மாமா மூன்று தரம் சொன்னது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. வெற்றிலையை வலது பக்கமாக ஒதுக்கி மென்றார். சிவந்தது சாறா ரத்தமா என்று ஒருவரும் கேட்கவில்லை. சம்பந்தி கன்ன வீக்கத்தைப் பார்த்து, ஊசி போட்டுப் பிடுங்கினதா என்று விசாரித்தபோது மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஊசியா? நமக்கு எதுக்குங்க அதெல்லாம். போனேன், குந்தினேன், புடுங்குய்யான்னேன்."

இப்போது காட்டுப்பன்றிக்கு அடுத்து இதையும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சிரித்துக்கொண்டுதானே இவ்வளவும் படித்தீர்கள்? சந்தோஷம். கடைவாய்ப் பல் என்று நான் எழுதின இடத்தில் உங்கள் நாக்கு மெல்லப் பின்பக்கம் போய், அங்கே ஏதோ ஒன்றைத் தடவிவிட்டுத் திரும்பி வந்ததே, அது எதற்கு? சும்மாவா? சரி, சும்மாதான். டாக்டர் தெய்வசிகாமணி சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் இருப்பார். போவதானால் போங்கள், துணைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். அந்த ஊசியை முதலில் யாருக்குப் போட்டுக் காட்டச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.