கைதக்குளத்தை மூடும் தீர்மானம்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது செல்லபாயை ஜெயித்துக் காட்டுவது என்று வேதமாணிக்கம் தீர்மானித்தார்.

பாறசாலைப் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் அவர் அட்டெண்டர். முட்ட வரும் காளையை ஒற்றைக் கையால் மூக்குக்கயிற்றைப் பிடித்து நிறுத்திவிடுவார். வீட்டுக்கு வந்தால் கயிறு செல்லபாயின் கையில்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அது. ஊருக்கு என்ன வேண்டும் என்பதை ஊர்க்காரர்களே கிராமசபையில் கூடிச் சொல்லலாம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அதுவரை டீக்கடையில் வீணாகிக்கொண்டிருந்த அபிப்பிராயங்களுக்கெல்லாம் திடீரென்று மரியாதை வந்தது. ஒருத்தருக்கு ரோடு வேண்டும். ஒருத்தருக்குத் தெருவிளக்கு. ராஜையாவுக்கு எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் எதிர்த்துப் பேச ஐந்து நிமிஷம் கொடுத்தால் போதும்.

வேதமாணிக்கத்துக்கு ஒன்றே ஒன்றுதான். கைதக்குளத்தை மண்ணடித்து மூடி, அதன் மேல் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும்.

கொசு என்றார். பாசி என்றார். உண்மை அதுவல்ல. நாலு வருஷத்துக்கு முன் அந்தக் குளத்தில்தான் அவருடைய ஒரே மகள் ரெஜிலா வழுக்கி விழுந்து போனாள். பதினொரு வயது. நீச்சல் தெரிந்த வேலாயுதன் குதித்துத் தூக்கியபோது உயிர் இல்லை. அன்றிலிருந்து அவர் பஸ்ஸுக்குக்கூடக் குளக்கரை வழியே போவதில்லை. ஒரு மைல் சுற்றிப் போவார்.

"நாளைக்கு சபையில குளத்த மூடணும்னு சொல்லப்போறேன்" என்றார் சனிக்கிழமை.

"முதல்ல வாய மூடுங்க" என்றாள் செல்லபாய். "குளத்துக்குப் படி கட்டணும். கைப்பிடி வைக்கணும். பிள்ளேளு நீந்திப் படிக்க ஒரு ஓரம் ஆழமில்லாம ஆக்கணும். அதச் சொல்ல நானும் வாறேன்."

"நீ வரண்டாம்."

"எனக்கும் ஓட்டு உண்டு."

நேருக்கு நேர் மோதி ஜெயிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், டீக்கடை வரை போய்விட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏட்டி, காட்டாக்கடையில உனக்க அக்காளுக்கு நெஞ்சுவலியாம்! ஆள் வந்து சொன்னான்."

"யாரு வந்தது?"

"ஒரு... சட்டை போட்ட ஆளு."

"எந்தப் பக்கம் வலியாம்?"

"ரெண்டு பக்கமும்."

செல்லபாய் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அழவில்லை, மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் அவ்வளவு லேசில் எதையும் நம்புகிறவள் இல்லை என்பது, பஸ் கிளப்பிய தூசி அடங்கிய பிறகும் வேதமாணிக்கத்துக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கிராமசபை கூடியது. ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். வேதமாணிக்கம் எழுந்து பேசினார். கொசுவைப் பற்றிக் கால் மணி நேரம். மாட்டுக்கு ஊசி போட வரிசையில் நிற்க வேண்டாம் என்று அவரிடம் வாக்கு வாங்கியிருந்த பன்னிரண்டு பேர் எந்த இடத்தில் தட்டுவது என்று பார்க்காமல் கை தட்டினார்கள்.

"எதிர்ப்பு உண்டோ?" என்று கேட்டார் பஞ்சாயத்து மெம்பர் கிருஷ்ணன்குட்டி.

"உண்டு" என்றது வாசலில் ஒரு குரல்.

செல்லபாய். அவளுக்குப் பின்னால், கல்லுப்போல அக்காள்.

"எனக்க நெஞ்சுவலி இப்ப தேவல, தம்பி" என்றாள் அக்காள், சபைக்கே கேட்கும்படி. "ரெண்டு பக்கமும்."

செல்லபாய் நெய்யாற்றின்கரையில் இறங்கி, டெலிபோன் பூத்திலிருந்து அக்காள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு போன் போட்டிருக்கிறாள். போனை எடுத்ததே கடையில் சீனி வாங்க வந்த அக்காள்தான்.

சிரிப்பு அடங்கியதும் செல்லபாய் பேசினாள்.

"எனக்க மகள் அந்தக் குளத்துலதான் போனா. எல்லாருக்கும் தெரியும். மூடினா அந்த ஒரு குளம் மூடும். ஆறு உண்டு, கால்வாய் உண்டு, ஊரெல்லாம் கிணறு உண்டு. எத்தனைய மூடுவிய? பிள்ளேளுக்கு நீந்தப் படிச்சுக் குடுங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். பிறகு ஆண்கள். ஊசி வாக்கு வாங்கிய பன்னிரண்டு பேரும் தூக்கினார்கள். ராஜையா எதிர்க்க மறந்துபோய்த் தூக்கினார். வேதமாணிக்கத்தின் கைகள் மட்டும் மடியில் கிடந்தன.

திரும்பும்போது செல்லபாய் குளக்கரை வழியில் திரும்பினாள். அக்காள் முன்னால் போய்விட்டாள். வேதமாணிக்கம் கொஞ்ச தூரம் நடந்தார். தண்ணீர் தெரிந்ததும் நின்றார்.

"செல்லபாயே, ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு, வேலாயுதன் பிள்ளையத் தூக்கின பிறகுதான் நான் ஓடி வந்தேன்னு சொன்னேன். பொய். நான் முன்னமே வந்துட்டேன். அவளுக்க கை தெரிஞ்சுது. எனக்கு நீச்சல் தெரியாது. நான் சும்மா நின்னேன்."

நாலு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது. இதைச் சொன்னால் அவள் தன்னைவிட்டுப் போய்விடுவாள் என்றே நம்பியிருந்தார்.

"தெரியும்" என்றாள்.

"வேலாயுதன் சொன்னானா?"

"ஒருத்தரும் சொல்லல. மறுநாள் உங்களுக்க சட்டையத் துவைச்சது ஆரு? காலர் வரைக்கும் சேறு. சும்மா நின்ன ஆளுக்கு காலர்ல சேறு எப்படி வரும்?"

"நாலு எட்டுதான் வச்சேன். அதுக்கு மேல கால் எட்டல."

"நீச்சல் தெரியாத ஆளு கழுத்துவரை இறங்கியிருக்கிய. நான் அதத்தான் நினைச்சுக்கிடுவேன்."

வேதமாணிக்கம் கரையிலேயே குந்தி உட்கார்ந்தார். காளைகளை அடக்குகிற கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சாவு வீட்டில் அழாத அழுகை. செல்லபாய் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முதுகில் கையை வைத்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண்ணீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து முந்தானையை அவரிடம் நீட்டினாள்.

"மூக்கச் சிந்துங்க. ஒரு விஷயம் உண்டு. பிள்ளேளுக்கு நீச்சல் படிச்சுக் குடுக்க வேலாயுதன் அண்ணன் சம்மதிச்சாச்சு. இருபத்திமூணு பேர் எழுதியாச்சு. முதல் பேரு உங்களுக்கதாக்கும்."

"எனக்கா? ஐம்பத்திரண்டு வயசுலயா? பிள்ளேளு சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். பயப்படுற ஆளு ஒருத்தர் முதல்ல இறங்கினாத்தான் பயப்படுற பிள்ளேளும் இறங்கும்."

"ஏட்டி, நான் வேட்டி கட்டுற ஆளு. எதப் போட்டுக்கிட்டு இறங்குவேன்?"

செல்லபாய் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"நிக்கர் போன வாரமே தைச்சு வச்சாச்சு."