ஐம்பது மீட்டர் நாடா

ஒரு விடுகதை போடுகிறேன். சுருட்டினால் கைப்பைக்குள் அடங்கும். இழுத்தால் பாதி மைதானத்துக்கு நீளும். அதற்குள் அடங்குகிறவள் கெட்டிக்காரி. அதைத் தாண்டுகிறவள் பாதியாகத் தேய்ந்துபோவாள். அது என்ன?

யோசித்துக்கொண்டே இருங்கள். தையல்காரருக்கு விடை பிடிபட ஒரு முற்பகல் முழுக்க ஆயிற்று.

அவருடைய ஒரே மகள் ஈட்டி எறிகிறவள். வயது பதினேழு. வெளிநாட்டில் நடக்கவிருந்த இளையோர் தடகளப் போட்டிக்கு ஒரு பெண்ணையும், அவளைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொள்ளப் பதினோரு நிர்வாகிகளையும் அனுப்புவது என்று சங்கம் தீர்மானித்திருந்தது. நிர்வாகிகளுக்கான கோட்டுகளைத் தையல்காரர்தான் தைத்துக் கொடுத்தார். பன்னிரண்டாவது கோட்டை மகளின் தோளுக்கு வெட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இந்தத் தேர்வை விட்டால் வேறு வழி கிடையாது.

தேர்வு நாளன்று மைதானத்தில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். ‘எல்லைகளைத் தாண்டு’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே நிழலில் சங்கச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு மூன்று எறிதல். மூன்றில் சிறந்தது கணக்கு. முதலில் எறிந்த பெண்ணின் சிறந்த தூரம் முப்பத்தொரு மீட்டர். அவள் செயலாளரின் அக்கா மகள் என்பது தற்செயல்.

அடுத்து தையல்காரரின் மகள் ஓடிவந்து எறிந்தாள். ஈட்டி போய்க்கொண்டே இருந்தது. நாடா பிடித்தவர் அதன் பின்னாலேயே நடந்தார். வழியில் நாடா தீர்ந்துபோயிற்று. அவர் நின்றுகொண்டு செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

“சார், நாடா ஐம்பதோட முடிஞ்சிருச்சு. ஈட்டி இன்னும் அந்தப் பக்கம் நிக்குது.”

செயலாளர் எழுந்து வந்து, அத்துமீறி நுழைந்தவனைப் பார்ப்பதுபோல ஈட்டியைப் பார்த்தார்.

“நூறு மீட்டர் நாடா ஒண்ணு வாங்கி வச்சிருக்கலாமே சார்?” என்றார் தையல்காரர்.

“எதுக்கு? நம்ம பதிவேட்டுல பன்னெண்டு வருஷமா யாரும் ஐம்பதைத் தாண்டினதே இல்ல.”

“நாடாவே ஐம்பதுதானே சார்?”

“அதான் சொல்றேன். அதுக்கு மேல தேவையே வரல. ஐம்பதுக்கு மேல ஒரு பதிவு இருந்தா உடனே வாங்கிடலாம்.”

தையல்காரர் கழுத்தில் கிடந்த தன் நாடாவை உருவினார். “மிச்சத்தை நான் அளந்து குடுத்துடறேன்.”

“அது துணி அளக்கிறது. இது சர்வதேச விவகாரம்.”

கடைசியில், ஐம்பது முடிந்த இடத்தில் ஓர் ஆணி அடித்து, அங்கிருந்து அதே நாடாவை மறுபடி விரித்தார்கள். நான்கு மீட்டர் இருபது. தையல்காரர் மூச்சு விட்டார். செயலாளர் பதிவேட்டில் எழுதியதை எட்டிப் பார்த்ததும் அந்த மூச்சு பாதியில் நின்றது.

“இருபத்தேழு மீட்டர் பத்தா? எப்படி சார்?”

“ரெண்டு தடவை அளந்தா ரெண்டு அளவு. ஒரு கட்டத்துல ரெண்டு அளவை எழுத முடியாது. ஐம்பதும் நாலே காலும்னு வச்சுக்குங்க...”

“நாலு இருபது,” என்று நாடாக்காரர் திருத்தினார்.

“நாலு இருபது. சராசரி போட்டிருக்கேன். உங்க பொண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர்கூடக் குறைக்கல.”

சுற்றி நின்ற பெற்றோர்கள் சிரித்தார்கள். “பார்த்து எறியச் சொல்லுங்க. நூறு எறிஞ்சாத்தான் இவர் ஐம்பது போடுவாரு போல,” என்றார் ஒரு தாய்.

இரண்டாவது எறிதல் இன்னும் தூரம் போயிற்று: ஐம்பத்தைந்து. சராசரி இருபத்தேழரை.

“முன்னேற்றம் தெரியுது,” என்று செயலாளர் பாராட்டினார்.

அப்போது சங்கத்தின் மனவலிமை ஆலோசகர் வந்து சேர்ந்தார். இப்போதெல்லாம் இப்படி ஒருவர் இல்லாமல் எந்தச் சங்கமும் நடப்பதில்லை. பத்தடியில் நிற்பவர்களிடம் பேசவும் அவர் காதில் ஒலிவாங்கி மாட்டியிருந்தார்.

“தூரம்ங்கிறது மனசுலதான் இருக்கு,” என்றார்.

“நாடாவும் அங்கதான் இருக்கா தம்பி?” என்று கேட்டார் தையல்காரர். ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார்.

இனி ஒரே எறிதல். தையல்காரர் மண்ணில் குந்தி விரலால் கணக்குப் போட்டார். சராசரியில் முப்பத்தொன்றைத் தாண்ட வேண்டுமானால் மகள் அறுபத்திரண்டுக்கு மேல் எறிய வேண்டும். அதை எறிய உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களால்தான் முடியும். எழுந்து மகளிடம் போனார்.

“கண்ணு, கொஞ்சம் அடக்கி எறிம்மா.”

“எவ்ளோப்பா?”

“முப்பத்தொண்ணுக்கு மேல, ஐம்பதுக்குக் கீழ. எங்க வேணா விழட்டும்.”

“இன்னும் தூரம், இன்னும் தூரம்னு விடியக்காலைல எழுப்பிக் கத்தினது யாருப்பா?”

“அது வேறம்மா. அது எறியறதுக்கு. இது தேர்வுக்கு.”

அவள் அவரையே பார்த்தாள். அவர் அவள் சட்டைத் தோளில் இல்லாத நூலை எடுத்துப் போட்டார்.

அதற்குள் விஷயம் பரவிவிட்டது. சற்றுமுன் செயலாளரைப் பார்த்துச் சிரித்த பெற்றோர்கள் கயிற்றை நெருங்கி வந்து நின்றார்கள். “மெதுவா பாப்பா, மெதுவா,” என்றார் அந்தத் தாய். “வேகமா ஓடாத,” என்றார் இன்னொருவர். நாடாக்காரர் நாற்பதில் போய் நின்றுகொண்டு, இங்கே போதும் என்று கையைக் காட்டினார். ஆலோசகர் எல்லோரையும் ஒன்று சேர்த்துத் தாளம் போட்டுக் கைதட்ட வைத்தார். தையல்காரரும் தட்டினார். மைதானமே ஒரே குரலில் ‘குறை, குறை’ என்றது. செயலாளர் பேனாவைத் திறந்தார்.

மகள் ஓடவில்லை. கோட்டருகே நின்றபடியே எறிந்தாள். முப்பத்தொரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர்.