உப்புத்தாள் என்னைத் திட்டவில்லை

அந்தக் காலத்தில் சித்தூர்ப் பக்கம் ஆர்மோனியப் பெட்டி வைத்திருந்த அத்தனை பேரும் உப்புத்தாளிடம் திட்டு வாங்கியவர்கள். திட்டு வாங்காமல் பெட்டி வாங்கியவர் எவரும் கிடையாது.

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, யாருக்கும் தெரியாது. மரத்தைத் தேய்ப்பதிலும் மனிதர்களைத் தேய்ப்பதிலும் ஒரே சுறுசுறுப்பு என்பதால் உப்புத்தாள். நல்லேப்பிள்ளியில் வாய்க்கால் ஓரம் அவருடைய கொட்டகை. பலா மரத்தில் பெட்டி, ஆட்டுத் தோலில் துருத்தி, ஓட்டைக் குடத்தை வெட்டி அரத்தால் ராவிய பித்தளை ரீடு, எல்லாம் அவர் கைவேலைதான். ஊரெல்லாம் சீமைத் துணியைக் கொளுத்திக்கொண்டிருந்த சமயம் அது. சீமைப் பெட்டியைக் கொளுத்த மனசு வராதவர்கள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு உப்புத்தாளிடம் ஓடினார்கள்.

வாங்குகிறவரின் தொண்டைக்குத் தகுந்தபடிதான் அவர் சுருதி சேர்ப்பார். "பாடச் சொன்னா அத்தன பேரும் பொய்க் கொரல்ல பாடுறாங்க. கோவம் வந்தாத்தானுங்க நெசக் கொரலு வரும்" என்பது அவர் கட்சி. அதனால் வருகிறவர்களைத் திட்டுவார். அதுவும் மரியாதை ஒரு துளி குறையாமல்.

எங்கள் நாடகக் குழுவில் சாமியப்பன் என்று ஓர் எலப்புள்ளிக்காரன். நான் ஆர்மோனியம் வாசிப்பேன், அவன் பக்கத்தில் ஜால்ரா தட்டுவான். பெட்டி ஆசை வந்து அவன் போய் நின்றதுமே உப்புத்தாள், "ஏனுங்க, உங்க ஊட்டு எருமையக் கூட்டியாந்திருந்தா நல்லாப் பாடியிருக்குமே, நீங்க எதுக்குங்க வந்தீங்க?" என்றாராம். சாமியப்பன் கத்தினான். உப்புத்தாள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நாலரைக் கட்டச் சுருதி. தை மாசம் வாங்க" என்று அரத்தை எடுத்துவிட்டார்.

தையில் வந்தது பெட்டி. என்ன நாதம்! அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சீமைப் பெட்டியோ மழைக்காலத்தில் இருமும். குழுத் தலைவர் யோசித்து, "சித்திரைத் திருவிழாவுக்குள்ள நீயும் ஒரு நல்ல பொட்டியோட வா. இல்லீன்னா முன்னால சாமியப்பன் உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டார். பத்து வருஷம் நான் உட்கார்ந்த இடம்! நான் ஜால்ராவா?

அன்றே உப்புத்தாளிடம் ஓடினேன். "வாங்க, வாங்க, உக்காருங்க. சித்த மோர் குடிக்கிறீங்களா?" என்றார். குடித்தேன். சாமியப்பனுடைய பெட்டியைப் பற்றி வயிறெரிய அரைமணி நேரம் பேசினேன். "அடுத்த வாரம் வாங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். திட்டவில்லை.

மறுவாரமும் மோர். அதற்கடுத்த வாரம் மோருடன் முறுக்கு. எனக்கு முன்னால் வந்தவரும் பின்னால் வந்தவரும் வாய் நிறையத் திட்டு வாங்கிக்கொண்டு கம்பீரமாகப் போனார்கள். சாமியப்பன் தனக்குக் கிடைத்த எருமையைப் பட்டம் மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ஓர் எருமைகூட எனக்குக் கிடைக்கவில்லை. வேண்டுமென்றே அவருடைய பசைச் சட்டியைத் தட்டிவிட்டேன். "போகுதுங்க, சட்டிதானுங்களே" என்றார். சீமைப் பெட்டிதான் உசத்தி என்றேன். "வாஸ்தவமுங்க" என்றார்.

பங்குனியும் முடிந்தது. திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது என் பொறுமை போய்விட்டது. "ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாமத் திட்டறீங்க. என்னைய மட்டும் ஏனுங்க திட்ட மாட்டீங்கறீங்க? நான் மனுசனில்லீங்களா?" என்று கத்தியேவிட்டேன்.

அவர் மூலையில் கிடந்த சாக்கை விலக்கினார். அடியில் ஒரு பெட்டி பளபளவென்று இருந்தது. துருத்தியை அசைத்து ஒரு கட்டையைத் தொட்டேன். என் குரல்தான்.

"மொத நாளே சாமியப்பன் பொட்டியப் பத்திப் பேசையில நீங்க அஞ்சு கட்டைக்கு ஏறிட்டீங்க. அப்பறம் நான் எதுக்குங்க திட்டோணும்? ஒரு மாசமா இது ரெடிங்க."

"அப்ப ஏனுங்க குடுக்கல?"

அரத்தைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "பொட்டி வாங்கிட்டுப் போனவிய ஒருத்தரும் திரும்ப இந்தப் பக்கம் வந்ததில்லீங்க."

நாலு நாளில் திருவிழா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

"மூணாவது கட்ட கொஞ்சம் கம்முதுங்க. பாத்து வைங்க, நாளைக்கு வர்றேன்."

அந்தக் கட்டையில் ஒரு குறையும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்து, என் காதைப் பற்றியும் அதற்குள் என்ன குடியிருக்கிறது என்பது பற்றியும், கால்மணி நேரம் விடாமல், மரியாதை ஒரு துளி குறையாமல் திட்டினார்.

என்ன சொன்னார் என்று சாமியப்பன் இன்றைக்கும் கேட்கிறான். நான் சொல்வதில்லை. அது எனக்குக் கிடைத்தது.