ஐயனாருக்கு ஒரு மொட்டைக்கழுத்து

இந்தத் தீபாவளிக்கு என் வீட்டுச் சேவலை என் வீட்டுச் சட்டியிலேயே கறியாக்கித் தின்பது. முரசுமோட்டைச் சிவராசாவாகிய நான் எடுத்த சபதம் இது.

சின்ன ஆசைதானே என்பீர்கள். என் மனைவி சுகந்தினியை உங்களுக்குத் தெரியாது. அவள் கோழிகளுக்குப் பேர் வைப்பாள். பேர் வைத்ததை அறுக்க விடமாட்டாள். வெள்ளை லெகோன் வாங்கினேன்; மேனகை என்றாள். சிவப்பு முட்டைக்கோழி வாங்கினேன், செவ்வந்தி என்றாள். இறைச்சிக்கென்றே பிறந்த புரொய்லர் குஞ்சு வாங்கினேன்; அது குட்டித்தம்பி ஆகிவிட்டது. வயது போய் இயற்கை மரணம் எய்திய உலகத்தின் ஒரே புரொய்லர் அதுதான். முருங்கைக்குக் கீழே புதைத்தோம். அவள் அழுதாள். நானும் அழுதேன், கறியை நினைத்து.

பிழை இனத்தில் என்று கண்டுபிடித்தேன். யாராலும் அன்பு வைக்க முடியாத இனம் வேண்டும். ஒட்டுசுட்டானில் கிடைத்தது: கழுத்தில் ஒரு இறகும் இல்லாத மொட்டைக்கழுத்துச் சேவல்குஞ்சு.

"என்னப்பா இது, பாதி உரிச்சதோ?" என்றாள் சுகந்தினி.

"இனமே அப்பிடித்தான்."

"என்ர கண்ணில காட்டாதேங்கோ. நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கோ."

பேர் வைக்கவில்லை! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஜனார்த்தனன் கோழி அறுப்பதில் விண்ணன். அவனிடம் ஓடினேன்.

"அண்ணை, சதை பிடிக்கோணும் எண்டால் கறையான் குடுங்கோ."

"எங்க வாங்கிறது?"

"வாங்கிறதோ? மண்வெட்டியோட பத்தைக்குள்ள நடவுங்கோ. புத்தை வெட்டுங்கோ."

ஏழு மாதம் நடந்தேன். தினமும் விடியற்காலையில் புற்று வெட்டி, வாளி நிறையக் கறையான் கொண்டுவந்தேன். சேவல் மினுங்கியது. நான் இளைத்தேன். சாரத்தை இரண்டு சுற்றுக் கூடச் சுற்றிக் கட்டவேண்டி வந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் ஜனார்த்தனன் கத்தியோடு வந்தான். சுகந்தினி சேவலை மடியில் வைத்திருந்தாள். அதன் மொட்டைக் கழுத்தில் பூமாலை.

"சுகந்தி, உந்தச் சேவலை இஞ்ச தாரும்."

"தரேலாது. இது ஐயனாருக்கு நேர்ந்த சேவல். அறுக்கேலாது, கோவில்ல உயிரோட விடோணும்."

"எப்ப நேர்ந்தனீர்?"

"நீங்கள் கொண்டுவந்த அண்டைக்கே. உங்களுக்குக் கொலஸ்ரோல் இறங்கோணும் எண்டு. போன கிழமை கிளினிக்கில என்ன சொன்னவை?"

"இறங்கிட்டுதாம்" என்று வாய் முந்திவிட்டது.

ஜனார்த்தனன் கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்து, மற்றக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"ஐயனாரோட விளையாடாதேங்கோ அண்ணை."

"டேய், கறையான் யோசனை உன்ரதோ?"

"அக்காதான் சொன்னவா. உங்களை எப்பிடியும் நடக்க வைக்கோணுமாம்."

கோவிலுக்கு நானேதான் கொண்டுபோனேன். இறக்கிவிட்டதும் அது என் காலைச் சுற்றி வந்து வாளியைத் தேடியது. ஏழு மாதம் தீன் போட்ட கை. கண் கலங்கிவிட்டது. இந்த முறை கறியை நினைத்து அல்ல.

வீட்டுக்கு வந்தால் குசினியில் கத்தரிக்காய்க் குழம்பு. கோழிக்கூட்டில் புதிதாக இரண்டு மொட்டைக்கழுத்துக் குஞ்சுகள்.

"இது என்னத்துக்கு?"

"கொலஸ்ரோல்தானே இறங்கினது? சீனி இன்னும் அப்பிடியே கிடக்கு" என்று மண்வெட்டியை நீட்டினாள்.